அரியலூரில் கடல்: ஒரு துணுக்கு எப்படி வேலை செய்கிறது

மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தேன். பகல் வண்டி, எதிரும் புதிருமான இருக்கைகள். திருச்சி தாண்டும் வரை எங்கள் பக்கத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், காதில் இயர்போன். எதிரே எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர், மடியில் மஞ்சள் பை. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்.

அரியலூர் நெருங்கியது. சிமெண்ட் தூசி படிந்த சரக்கு வண்டி ஒன்று பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றது. பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வெளிய பாருங்க. இப்ப நாம கடலுக்குள்ள போயிட்டிருக்கோம்."

நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். "ஐயா, கடல்ல போற ரயிலு பாம்பன்ல இருக்கு. இது அரியலூர்."

"பாம்பன்ல கடலுக்கு மேல போகுதும்மா. இங்க கடலுக்கு அடியில போகுது."

கைப்பேசிக்காரர் தலையை நிமிர்த்தினார். "அப்ப மீனெல்லாம் எங்கங்க?"

பெரியவர் சரக்கு வண்டியைக் கை காட்டினார். "அதோ, மூட்டையில போகுது பாருங்க. சிப்பி, நத்தை எல்லாம் சிமெண்ட்டா மாறிப் போகுது."

விருத்தாசலம் வரும் வரை நாங்கள் நாலு பேரும் அதைப் பற்றித்தான் பேசினோம். அவர் சொன்னது உண்மை. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது டைனோசர்கள் உலவிய காலத்தின் கடைசிப் பகுதியில், கடல் ஏறி இறங்கிய பூமி. அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் சுருள் சுருளான ஓடுகள் அங்கே ஓடைக் கரைகளில் புதைபடிவமாகக் கிடைக்கின்றன. அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புப் பாறையை உடைத்தால் சிப்பி சிப்பியாக அடுக்கியிருப்பது தெரியும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் அவை. அந்தப் பாறைதான் அந்த ஊரின் சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள்.

இப்படிப்பட்ட சின்னச் செய்தியைத்தான் நாம் துணுக்கு என்கிறோம். வாரப் பத்திரிகைகள் பக்கத்தின் அடியில் மிச்சமான இடத்தை நிரப்பப் போடுவார்களே, அதே துணுக்குதான். இந்தக் கட்டுரை அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி. முன்பின் தெரியாத நாலு பேரை ஒரு வரி எப்படிப் பேச வைக்கிறது? அதற்குள் என்ன இருக்கிறது?

தமிழ்ச் சொல்லே ஒரு குறிப்புக் கொடுக்கிறது. துணுக்கு என்றால் சிறு துண்டு. துணுக்குறுதல் என்றால் திடுக்கிடுதல். அகராதியில் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. நல்ல துணுக்குக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும். கைக்குள் அடங்கும் அளவு சின்னதாக இருக்க வேண்டும், கேட்டவரை ஒரு கணம் துணுக்குற வைக்க வேண்டும்.

பாதி தெரிந்தால்தான் மீதி கேட்கத் தோன்றும்

1994இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆர்வத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன் மையக் கருத்தைத் தகவல் இடைவெளி என்று சொல்லலாம். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருப்பது நம் கண்ணில் படும்போது ஆர்வம் பிறக்கிறது என்கிறார். பள்ளம் இருந்தால் மட்டும் போதாது, அது கண்ணில் பட வேண்டும். இதுதான் முக்கியம். நமக்குத் தெரியாத விஷயங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாம் தூக்கம் கெட்டுக் கிடப்பதில்லை. அவை இருப்பதே தெரியாததால் அவற்றில் ஆர்வமும் இல்லை.

அரியலூர்ச் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். "கல்லங்குறிச்சிப் படிவத்தில் கிரைஃபியா இனச் சிப்பிகள் காணப்படுகின்றன" என்று அந்தப் பெரியவர் ஆரம்பித்திருந்தால் இயர்போன் காதிலேயே இருந்திருக்கும். அதில் நமக்குத் தெரிந்த பாதி எதுவும் இல்லை. "அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன" என்று சொல்லியிருந்தாலும் அதே கதிதான், அதில் தெரியாத பாதி இல்லை. அவர் சொன்னதில் இரண்டும் இருந்தன. அரியலூர் தெரியும், கடல் தெரியும், சிமெண்ட் தெரியும். மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது தெரியாது.

2009இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஆட்களைக் கூப்பிட்டுப் பொது அறிவுத் துணுக்குக் கேள்விகள் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும், விடை தெரியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், விடையை அறிய எவ்வளவு ஆவலாக இருக்கிறீர்கள் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். கொஞ்சமும் தெரியாத கேள்வியில் ஆவல் குறைவாக இருந்தது. நிச்சயமாகத் தெரிந்த கேள்வியிலும் குறைவு. தெரிந்த மாதிரியும் இருக்கிறது, நாக்கு நுனியில் நிற்கிறது, பிடிபடவில்லை என்ற நடுப்பகுதியில்தான் ஆவல் உச்சத்துக்குப் போனது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், கையில் இருந்த அளவான டோக்கன்களைச் செலவழித்தோ கூடுதல் நேரம் காத்திருந்தோதான் விடையைப் பெற முடியும் என்று வைத்தபோது, ஆவல் அதிகமான கேள்விகளுக்கு ஆட்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். யாருக்கும் பத்துப் பைசா பிரயோசனம் இல்லாத விடைகள் அவை. எனக்கு இது மனதை நெகிழ வைக்கும் செய்தி. மனிதன் பயனுக்காக மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறவன் அல்ல.

இதை நம் ஊர் விடுகதைகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. "ஓடையில் ஓடாத நீர், ஒருவரும் குடிக்காத நீர். அது என்ன?" என்று ஆச்சி கேட்டால், கண்ணீர் நமக்குத் தெரியாத பொருளா என்ன? தெரிந்த பொருள்தான், சொன்ன விதத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் இதற்குப் பிசி என்று பெயர் வைத்து, பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறது. விளையாட்டுப் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மரபு நம்முடையது.

பாதி தெரிந்ததை வைத்து மீதியைக் காட்டும் துணுக்குக்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் கிளியோபாட்ரா. கிளியோபாட்ராவைத் தெரியாதவர் இல்லை, பிரமிடைத் தெரியாதவரும் இல்லை. இரண்டும் எகிப்து என்பதால் மனம் இரண்டையும் ஒரே படத்துக்குள் போட்டு வைத்திருக்கிறது. ஆனால் கீசாவின் பெரிய பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில். கிளியோபாட்ரா பிறந்தது கி.மு. 69. நடுவில் கிட்டத்தட்ட 2,500 ஆண்டுகள். அவர் பிறந்ததிலிருந்து மனிதன் நிலவில் கால் வைத்த 1969 வரை எண்ணினால் 2,040 கூட வராது. பிரமிடைவிட நிலவுப் பயணம்தான் கிளியோபாட்ராவுக்குப் பக்கம். அவர் பார்த்த பிரமிடு அவருக்கே பழங்காலத்துப் பொருள். இதைச் சொல்லி முடித்ததும் கேட்பவர் கை விரல்களை மடக்கிக் கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த விரல் மடக்கல்தான் துணுக்கு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

யார் என்று கேட்காமல் பேச ஒரு வழி

சரி, ஆர்வம் புரிகிறது. இதை ஏன் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டும்?

மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதல் உலகப் போர்க் காலத்தில் பப்புவா நியூகினி பக்கம் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் மக்களோடு மக்களாகத் தங்கி அவர்கள் பேச்சைக் கவனித்தார். அதை வைத்து 1923இல் எழுதிய கட்டுரையில் ஒரு வகைப் பேச்சைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். செய்தி சொல்வதற்காக அல்ல, சேர்ந்திருப்பதற்காகவே பேசும் பேச்சு. நம் தெருவில் இது நாள் முழுக்க நடக்கிறது. கையில் பையோடு போகிறவரைப் பார்த்து "என்ன, கடைக்கா?" என்கிறோம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தாலும் "சாப்டாச்சா?" என்கிறோம். பதில் நமக்குத் தேவையில்லை. நான் உன்னைப் பார்த்தேன், நமக்குள் பகை இல்லை என்பதுதான் அதன் பொருள்.

தெரிந்தவர்களிடம் இது போதும். தெரியாதவர்களிடம் அடுத்த படியில்தான் சிக்கல் வருகிறது. நம் ஊரில் அறிமுகமில்லாத இருவர் பேச ஆரம்பித்தால் வண்டி வழக்கமாகப் போகும் பாதை எல்லோருக்கும் தெரியும். எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? என்ன வேலை? சம்பளம் பரவாயில்லையா? கல்யாணம் ஆயிடுச்சா? இதில் பெரும்பாலானவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது; பாசத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் "எந்தப் பக்கம்" என்ற கேள்வி எங்கே போய் நிற்கும் என்று கேட்கப்படுகிறவருக்குத் தெரியும். சிலருக்கு அது சாதாரண விசாரிப்பு. சிலருக்கு அது ஒரு வாசலில் நிறுத்தி வைத்துச் சோதனை போடுவது போல. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு, வேலை தேடிப் போகும் பையனுக்கு, குழந்தையில்லாத தம்பதிக்கு இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் குத்தும். இயர்போன் பாதி நேரம் இதற்கான கேடயம்தான் என்று நான் நினைக்கிறேன்.

துணுக்கின் அருமை இங்கேதான். அது உன்னைப் பற்றி எதையும் கேட்பதில்லை, என்னைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. இருவரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு மூன்றாவது பொருளை நடுவில் வைக்கிறது. அரியலூர்க் கடலுக்கு முன்னால் அந்தப் பெரியவரும் அந்தப் பெண்ணும் நானும் ஒரே உயரம். ஆர்வமில்லை என்றால் "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம், யாருக்கும் அவமானம் இல்லை. ஆர்வம் இருந்தால் உள்ளே வரலாம். இப்படி இரண்டு பக்கமும் திறந்திருக்கும் கதவு நம் பேச்சு வழக்கத்தில் ரொம்பக் குறைவு.

பேசுவது தொந்தரவாக இருக்குமோ என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. சிகாகோவில் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் இந்தப் பயத்தையே ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் ரயில் பயணிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் பக்கத்தில் இருக்கும் தெரியாதவரோடு பேச வேண்டும். இன்னொரு பிரிவினர் பேசாமல் தனியாக இருக்க வேண்டும். மூன்றாவது பிரிவினர் வழக்கம்போலப் போகலாம். இறங்கிய பிறகு பயணம் எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பேசியவர்களின் பயணம்தான் மற்ற இரண்டு பிரிவினரின் பயணத்தைவிட இனிமையாக இருந்தது. வேறு சில பயணிகளிடம், இந்த மூன்றில் எது இனிமையாக இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது, அவர்கள் நேர் எதிராகச் சொன்னார்கள். தனியாக இருப்பதே மேல் என்றார்கள். மற்றவருக்குப் பேச விருப்பம் இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் யாரும் ஆரம்பிக்கவில்லை. திருச்சி வரை எங்கள் இருக்கையில் நடந்ததும் அதுவே.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு ஆய்வு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. அதே 2014இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்தது. ஆட்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்க வைத்துத் துணுக்குக் கேள்வி காட்டினார்கள். விடை 14 விநாடி கழித்துத்தான் வரும். அந்தக் காத்திருப்பின் நடுவே, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். பிறகு, சொல்லாமல் ஒரு தேர்வு வைத்தார்கள். ஆவலோடு காத்திருந்த கேள்விகளின் விடைகள் நன்றாக நினைவில் இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த ஆவலின் நடுவே தெரிந்த முகங்களும் மற்ற முகங்களைவிட நன்றாக நினைவில் நின்றன. ஒரு நாள் கழித்துச் சோதித்தபோதும் அப்படியே. ஆவல் வரும்போது, பரிசுக்காகக் காத்திருக்கையில் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளும் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். விடைக்காகத் திறந்த கதவு வழியாகப் பக்கத்தில் நின்றதும் உள்ளே போய்விடுகிறது.

அந்தப் பெரியவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மடியிலிருந்த மஞ்சள் பையில் அச்சிட்ட ஜவுளிக்கடை விளம்பரம் பாதி அழிந்திருந்தது, வலது கை ஆள்காட்டி விரலில் பச்சை மை இருந்தது. பல வருடம் ஆகிறது, இன்னும் நினைவிருக்கிறது.

மறுத்துப் பேச இடம் கொடுப்பது

நல்ல துணுக்கு சொன்னதும் ஒருவர் மறுப்பார். மறுக்க வேண்டும். அரட்டையின் உயிரே அதில்தான் இருக்கிறது. "பாம்பன்ல இருக்கு" என்று அந்தப் பெண் மடக்காமல் இருந்திருந்தால் பெரியவருக்கு "கடலுக்கு அடியில" என்ற வரி கிடைத்திருக்காது.

அப்படி ஒரு மறுப்பிலிருந்து உலகப் புகழ்பெற்ற ஒரு புத்தகமே பிறந்திருக்கிறது. 1951 நவம்பர் 10 அன்று, அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் ஸ்லேனி ஆற்றங்கரையில் சிலர் பறவை வேட்டைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஹியூ பீவர். தங்க நிற உப்புக்கொத்தி ஒன்றைக் குறி வைத்தார், தப்பித்துவிட்டது. அன்று இரவு பேச்சு அதிலேயே சுற்றியது. ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் வேகமானது உப்புக்கொத்தியா, கவுதாரி மாதிரி இருக்கும் க்ரௌஸா? ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். தங்கியிருந்த வீட்டில் இருந்த புத்தகங்களைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. பீவர் ஒரு மதுபான ஆலையின் நிர்வாக இயக்குநர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள மதுக்கடைகளில் இதே மாதிரி வாக்குவாதங்கள் ஒவ்வொரு இரவும் நடந்துகொண்டிருக்கும், அவற்றைத் தீர்த்து வைக்க ஒரு புத்தகம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. லண்டனில் தகவல் சேகரிப்பதையே தொழிலாக வைத்திருந்த நாரிஸ், ராஸ் மெக்விர்ட்டர் என்ற இரட்டையர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1955 ஆகஸ்ட் 27 அன்று 198 பக்கத்தில் முதல் பதிப்பு தயாரானது. அந்த ஆலையின் பெயர் கின்னஸ்.

கின்னஸ் சாதனை என்பது தமிழில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்லாகிவிட்டது. அது ஒரு பீரின் பெயர் என்பதும், சாதனைக்காக அல்ல, சண்டையைத் தீர்க்கப் பிறந்த புத்தகம் என்பதும் பலருக்குத் துணுக்காக இருக்கும்.

மறுப்பு துணுக்கைக் கெடுப்பதில்லை, பெரும்பாலும் அதைச் செழுமையாக்குகிறது. வெள்ளிக் கோளில் ஒரு வருடத்தைவிட ஒரு நாள் நீளம் என்று ஒரு துணுக்கு உண்டு. வெள்ளி சூரியனைச் சுற்றிவர 225 பூமி நாட்கள் எடுத்துக்கொள்கிறது. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாட்கள். அதனால் அப்படிச் சொல்கிறார்கள். இதை ஒருமுறை டீக்கடையில் சொன்னபோது, பக்கத்தில் நின்ற ஒரு வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். "சார், நாள்னு எதைச் சொல்றீங்க? சூரியன் உதிச்சு மறுபடி உதிக்கிறதையா? அப்படின்னா 117 நாள்தான் வரும்." அவர் சொன்னதும் சரிதான். வெள்ளி சுற்றும் திசை மற்ற பெரும்பாலான கோள்களுக்கு நேர் எதிர். அதனால் ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையே சுமார் 117 பூமி நாட்கள்தான். அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். மேற்கில் உதிக்கும் சூரியனை எனக்குக் கொடுத்தவர் அந்த வாத்தியார். அதற்குப் பிறகு நான் அந்தத் துணுக்கை அவருடைய திருத்தத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கலாய்ப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். துணுக்கைக் கலாய்க்கலாம், சொன்ன ஆளைக் கலாய்க்கக் கூடாது. "அப்ப மீனெல்லாம் எங்கங்க?" என்பது துணுக்கோடு விளையாடுவது. "இந்த வயசுல கதை விடுறீங்களே" என்பது ஆளைத் தொடுவது. முதல் சந்திப்பில் இரண்டாவது வகைக்கு இடமே இல்லை. அதேபோல, சொல்கிறவரும் "இதுகூடத் தெரியாதா?" என்று ஆரம்பித்தால் அரட்டை தேர்வாகிவிடும். நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் கேள்வி என்றாலே எழுந்து நின்று தலை குனிந்தவர்கள். அந்த நினைவைக் கிளறும் குரல் வந்ததும் முகம் மூடிக்கொள்ளும்.

பொய்த் துணுக்கு

இவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. துணுக்கு வேகமாக நடக்கும், அதனால் பொய்த் துணுக்கும் வேகமாக நடக்கும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நம்மை நம்பி ஒருவர் வாங்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளைகளிடம் சொல்லப்போகிறார்.

பொய்த் துணுக்கை ஏன் நம்பிவிடுகிறோம் என்று 1977இல் வெளிவந்த ஒரு ஆய்வு சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என மூன்று முறை, மாணவர்களிடம் 60 வாக்கியங்கள் கொடுத்து, இவை எவ்வளவு உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். நம்பும்படியான துணுக்குகள், சில சரி, சில தப்பு. சில வாக்கியங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. திரும்ப வந்தவற்றை, சரியோ தப்போ, மாணவர்கள் முறைக்கு முறை அதிகம் நம்பினார்கள். காதுக்குப் பழகியதை மனம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சுவர் நீளம்தான், ஆனால் அகலம் சில மீட்டர்கள்தான்; சுற்றியுள்ள மண்ணின் நிறம்தான் அதற்கும். 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய், பூமிக்கு அவ்வளவு பக்கத்தில் சுற்றிவந்தும் சுவரைத் தாம் பார்க்கவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகும் அந்தத் துணுக்கு சாகவில்லை.

பொய்த் துணுக்கை வேண்டுமென்றே விதைத்தவரும் உண்டு. ஃப்ரெட் வொர்த் என்ற அமெரிக்கர் துணுக்குக் களஞ்சியம் ஒன்று எழுதினார். தன் உழைப்பை யாராவது எடுத்துக்கொண்டால் கண்டுபிடிக்க, உள்ளே ஒரு பொய்யை ஒளித்து வைத்தார். கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதல் பெயர் பிலிப் என்று எழுதினார். அது அவரே கட்டிவிட்ட பெயர். பிறகு ட்ரிவியல் பர்சூட் என்ற துணுக்குக் கேள்வி விளையாட்டு அமெரிக்காவைக் கலக்கியபோது, அதன் அட்டை ஒன்றில் அதே பிலிப் இருந்தார். வொர்த் 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அவருடைய புத்தகத்தையும் ஒரு மூலமாகப் பயன்படுத்தியதை விளையாட்டின் தரப்பு மறுக்கவில்லை. ஆனாலும் வொர்த் தோற்றார். தகவல் யாருக்கும் சொந்தமில்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் பதிப்புரிமை என்றது நீதிமன்றம். எனக்கு அந்தத் தீர்ப்பில் நிம்மதி. அரியலூர்க் கடலுக்கு யாராவது உரிமை கொண்டாடினால் அந்தப் பெரியவர் எப்படி அதை எங்களுக்குக் கொடுத்திருக்க முடியும்?

நம்மிடம் இருக்கும் ஆசைத் துணுக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது, மிளகுத்தண்ணி சூப்பின் பெயராக ஆங்கிலேயர் சாப்பாட்டு மேசைக்குப் போனது, இரண்டும் உறுதியானவை, தைரியமாகச் சொல்லலாம். அனகோண்டா என்பது ஆனைக்கொன்றான் என்ற தமிழ்ச் சொல் என்றும் சொல்கிறோம். அந்தப் பெயர் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பது வரை சரி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஜான் ரே என்ற இயற்கையியலாளர் தொகுத்த பாம்புப் பட்டியலில் இலங்கைப் பாம்பாகத்தான் அது வருகிறது. அது தமிழா, சிங்களமா என்பதில் அறிஞர்களுக்குள் ஒப்புதல் இல்லை. ஹெனகந்தயா என்ற சிங்களச் சொல்லைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இப்போது அதை இப்படிச் சொல்கிறேன்: தென்னமெரிக்காவில் வாழும் ஒரு பாம்பு, தான் ஒருநாளும் கண்டிராத இலங்கையிலிருந்து வந்த பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. மொழிச் சண்டையை ஒதுக்கிவிட்டாலும் அதில் துணுக்குறப் போதுமான அளவு இருக்கிறது.

அரியலூர்ச் செய்தியையும் அன்றே நம்பிவிடவில்லை, பிறகு தேடிப் படித்தேன். பெரியவர் பேச்சுவாக்கில் சாத்தனூர் கல்மரமும் அரியலூர் மாவட்டம் என்றார். அது பெரம்பலூர் மாவட்டம். 18 மீட்டர் நீள அடிமரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. கடல் பற்றியும் சிப்பி பற்றியும் அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து கொத்தனார் ஒருவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். அவர் பக்கத்தில் பாதி தீர்ந்த சிமெண்ட் மூட்டை.

"அண்ணே, அந்த மூட்டைக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? கடல் சிப்பி" என்றேன்.

மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். நான் அரியலூரைச் சொன்னேன், சுண்ணாம்புப் பாறையைச் சொன்னேன், 7 கோடி வருடம் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எங்க தாத்தா காலத்துல கிளிஞ்சலை நேராவே சூளையில போட்டுச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பாங்க தம்பி. கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் ஊத்தி அரைச்சுப் பூசுவாங்க. அந்தச் சுவரெல்லாம் இன்னும் நிக்குது." கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவரு ஏழு கோடி வருசம் காத்திருக்கலை."